தெருப் பந்தலில் நடந்த கல்யாணம், 25ஆம் வருஷம்: மறுபடி தெருவிலேயே சாப்பாடு போடலாமா? மொய் நோட்டில் இருப்பவர்களை எப்படிக் கூப்பிடுவது?

ஒற்றியூர் மருமகள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வருகிற பிப்ரவரி 4ஆம் தேதி எங்களுக்கு 25ஆவது கல்யாண நாள். ஈசிஆர் பக்கம் ஒரு ரிசார்ட், மூன்றடுக்கு கேக், ட்ரோன் வைத்து வீடியோ, நானும் அவரும் ஒரே நிறத்தில் உடை என்று மகள் பெரிய திட்டம் வைத்திருக்கிறாள். அவள் ஆசையைக் குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் கல்யாணம் நடந்த விதம் தெரிந்தால், எனக்கு அது ஏன் ஒட்டவில்லை என்று உங்களுக்குப் புரியும்.

2001இல் காலடிப்பேட்டையில், மாமனார் வீட்டு வாசலில், தெருவை அடைத்துப் போட்ட பந்தலில் கல்யாணம். மண்டபத்துக்குக் காசில்லை என்பது பாதிக் காரணம். மீதிக் காரணம் மாமனார். துறைமுகத்தில் வேலை பார்த்தவர், சங்கத்துக்காரர். ஐயர் இல்லாத சுயமரியாதைக் கல்யாணம்தான், அதுவும் தெருவில்தான் என்று ஒரே பிடிவாதம். “மண்டபத்துல வச்சா நம்ம தெருக்காரங்க விருந்தாளியா வருவாங்க. இங்க வச்சா அவங்க கல்யாணம்” என்றார். என் அம்மாவோ பஞ்சாங்கம் பார்க்காமல் பால் பாக்கெட்கூட வாங்காதவர். மாமனார் லீவு நாள் என்பதற்காக ஞாயிற்றுக்கிழமையைச் சொல்ல, அம்மா போய்ப் பார்த்துவிட்டு வளர்பிறைதான், ராகு காலம் சாயங்காலம் நாலரைக்கு மேல்தான் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் தொடங்கிவிடும், அதற்குள் தாலி ஏறிவிட வேண்டும்.

அந்தக் காலத்தில் தண்ணீர்ப் பஞ்சம் எப்படி என்று வடசென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லாரி வந்தால்தான் தண்ணீர். கல்யாணச் சமையலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? நான்கைந்து நாள் முன்பிருந்தே தெருவில் வீட்டுக்கு இரண்டு குடம் என்று எங்கள் வீட்டு டிரம்மில் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறார்கள். யாரும் கேட்கவில்லை. எதிர் வீட்டு அக்கா தொடங்கிவைத்தாராம், மற்றவர்கள் தொடர்ந்திருக்கிறார்கள். இது எனக்குக் கல்யாணம் முடிந்து ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். முதல் நாள் ராத்திரி தெருப் பெண்கள் எல்லோரும் அவரவர் அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு வந்து காய் நறுக்கினார்கள். தெருக்கோடியில் கோட்டை அடுப்பு. மூன்றாவது வீட்டு மொட்டை மாடி விசாலம் என்பதால் பந்தி அங்கே. சாம்பார் வாளியைக் கேரம் கிளப் பையன்கள் படிக்கட்டில் வரிசையாக நின்று கைக்குக் கை மாற்றி ஏற்றினார்கள். மாடி ஏற முடியாத பெரியவர்களுக்குத் தெருவிலேயே டேபிள் போட்டு இலை. நான் புடவை கட்டியது எதிர் வீட்டில். காரணம், அங்கேதான் மின்விசிறி வேகமாகச் சுற்றும். என் தாய்வீட்டுச் சீர் பாத்திரமெல்லாம் ஒரு மீன்பாடி வண்டியில் வந்து இறங்கியது. வண்டிக்காரர் அதைக் கழுவிவிட்டுத்தான் ஏற்றினேன் என்று சத்தியம் செய்தார். ஆனாலும் குத்துவிளக்கில் இரண்டு நாள் வாசனை இருந்தது.

கல்யாணத்தன்று சங்கத்துப் பெரியவர் ஒருவர் தலைமை தாங்கி வாழ்த்துரை தொடங்கினார். பத்து மணிக்கு மைக்கைப் பிடித்தவர். பெண் கல்வி, எட்டு மணி நேர வேலை, ரஷ்யா என்று எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தார். நன்றாகத்தான் பேசினார், கூட்டமும் கை தட்டியது. பதினொன்றரை ஆனதும் என் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மாமனாரிடம் எமகண்டம் என்ற வார்த்தையைச் சொல்ல முடியாது. எழுந்து நேரே கேரம் பசங்கள் ஏற்பாடு செய்த பேண்டு வாத்தியக்காரர்களிடம் போனார். என்ன சொன்னாரோ, “ஆகவே தோழர்களே” என்று பெரியவர் மூச்சு வாங்கிய இடைவெளியில் டிரம்பெட்டும் டிரம்மும் ஒரே நேரத்தில் வெடித்தன. பெரியவர் ஒரு நொடி திகைத்து, வாய்விட்டுச் சிரித்து, தாலியை எடுத்து இவர் கையில் கொடுத்துவிட்டார். பத்து நிமிஷம் மிச்சம் வைத்துக் கல்யாணம் முடிந்தது. கடைசிவரை மாமனாருக்கு அது தற்செயல் என்றுதான் நினைப்பு.

சாயங்காலம் அம்மா எங்களை வடிவுடையம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனார். மாமனார் கோயிலுக்குள் வரமாட்டார், ஆனால் தேரடிவரை கூடவே நடந்து வந்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கோயிலில் மகிழ மரம் இருக்கிறதல்லவா, சங்கிலி நாச்சியாரைப் பிரிய மாட்டேன் என்று சுந்தரர் சத்தியம் செய்த இடம். சத்தியத்தை மீறி ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் அவருக்குக் கண் பார்வை போய்விட்டது. அங்கே பூ விற்ற ஆயா இவரிடம், “தம்பி, மரத்தாண்ட வாயத் தொறந்து எதுவும் சொல்லிடாத” என்று எச்சரித்தார். இவர் வாயைத் திறக்கவில்லை. பிற்பாடு கம்பெனியில் ஓசூருக்கு மாற்றல் கேட்டபோது போக மறுத்துவிட்டு, “கண்ணு முக்கியம்மா” என்றார்.

தேனிலவு பழவேற்காடு. சிரிக்காதீர்கள். ஊட்டி, கொடைக்கானலுக்குக் கையில் காசில்லை. இவரோடு வேலை பார்த்தவரின் அக்கா வீடு அங்கே ஏரியைப் பார்த்த மாதிரி இருந்தது, ஓர் அறையை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். திருவொற்றியூர் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறி, பொன்னேரியில் இறங்கி, பஸ் பிடித்துப் போனோம். கையில் மருதாணி, கழுத்தில் புது மஞ்சள் கயிறு. ரயிலில் மீன் கூடைக்காரப் பெண்கள் என்னை நடுவில் உட்காரவைத்து, எந்த ஊர், எத்தனை பவுன், மாமியார் எப்படி என்று எண்ணூர் தாண்டுவதற்குள் எல்லாவற்றையும் விசாரித்து முடித்துவிட்டார்கள்.

போன மறுநாள் காலையில், “ஒரு எடம் காட்றேன் வா” என்று இவர் அழைத்துப்போனது டச்சுக்காரர்களின் கல்லறைக்கு! வாசலின் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கி வைத்திருக்கிறது. உள்ளே 1600களில் செத்துப்போனவர்களின் சமாதிகள், எல்லாம் கல்லில் அவ்வளவு நுணுக்கமான வேலை. 1613இல் கோட்டை கட்டி வியாபாரம் செய்தார்கள் என்று இவர் பாடம் நடத்துகிறார். கல்யாணமாகி நாலு நாள்கூட ஆகாத பெண்டாட்டியைச் சுடுகாடு பார்க்கக் கூட்டிவந்த ஆள் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார் என்று நினைத்தேன். ஆனால் சொல்கிறேன், அந்த வெயிலில் அந்தக் கற்களைத் தடவிப் பார்த்தபடி இவர் பேசிக்கொண்டே போனபோதுதான், இந்த மனுஷனோடு பொழுது போகும் என்று தைரியம் வந்தது. அதுவரை நாங்கள் சேர்ந்தாற்போலப் பத்து வாக்கியம் பேசியிருக்க மாட்டோம்.

சாயங்காலம் படகில் ஏரிக்குள் போனோம். இடுப்பளவு ஆழம்தான் பல இடங்களில். தூரத்தில் தண்ணீருக்கு மேல் ரோஸ் கலரில் ஒரு கோடு, கிட்டே போகப் போகக் கோடு உடைந்து பூநாரைகளாகிப் பறந்தது. பௌர்ணமி நெருங்கிய நாட்கள் என்பதால் ராத்திரி விளக்கே தேவைப்படவில்லை. சாப்பாடு எல்லாம் அந்த அக்கா கையால்: நண்டு, இறால், மடவை மீன் குழம்பு. மூன்று வேளையும். நான் தைப்பூசத்துக்குள் வீடு திரும்ப வேண்டும் என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தார், இல்லையென்றால் இன்னும் இருந்திருப்போம். வரும்போது அங்கே பெண்கள் பின்னும் பனையோலைப் பெட்டி ஒன்று வாங்கிவந்தேன். எங்கள் மொய் நோட்டு இன்றைக்கும் அதில்தான் இருக்கிறது.

மொய் நோட்டைப் பற்றித்தான் கேட்க வந்தேன். கல்யாண ஆல்பம் 2023 மிக்ஜாம் புயலில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது நனைந்து, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. வீடியோ எடுக்கவில்லை. மேலே பரணில் இருந்ததால் நோட்டு மட்டும் தப்பித்தது. கடைசி வீட்டு வாத்தியார் உட்கார்ந்து எழுதியது, ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. அதைப் பிரித்தால் அன்றைய தெரு அப்படியே இருக்கிறது. இட்லிக் கடை ஆயா, ரூபாய் 21. கேரம் கிளப், சுவர்க் கடிகாரம் ஒன்று. லாரித் தண்ணீர் டிரைவர், ரூபாய் 51 (இவரை யார் கூப்பிட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது, சாப்பிட்டு மொய் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்). எதிர் வீட்டு அக்கா, சில்வர் குடம் ஒன்று. பாதிப் பேர் இப்போது தெருவில் இல்லை. வாடகை ஏறிப் போனவர்கள், பெரும்பாக்கம் பக்கம் குடியிருப்பு கிடைத்துப் போனவர்கள், இறந்துபோனவர்கள். பலருக்கு எங்கள் செய்முறையும் திரும்பப் போகவில்லை, அவர்கள் வீட்டு விசேஷம் எங்கள் காதுக்கே வராததால்.

என் ஆசை: அதே தெருவில் ஒரு சின்னப் பந்தல், நோட்டில் இருக்கிறவர்களில் கிடைத்தவர்களைக் கூப்பிட்டு ஒரு வேளைச் சாப்பாடு. என் பயம்: இத்தனை வருஷம் கழித்துப் போய் அழைத்தால், மொய்க்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைக்கமாட்டார்களா? தெருவில் பந்தல் போட இப்போது என்னென்ன அனுமதி வேண்டும்? ஒட்டிப்போன ஆல்பத்தை ஏதாவது செய்ய முடியுமா? இவர் எந்த விவாதத்திலும் கலந்துகொள்ளாமல், “பழவேற்காடு போலாமா” என்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறார், அங்கே இப்போது நிலவரம் எப்படி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

தண்டையார்பேட்டை தம்பி:

அக்கா, முதலில் தேதி. நாலாம் தேதி புதன்கிழமை வருகிறது, அதனால் முந்தைய ஞாயிறு பிப்ரவரி 1 என்று யோசிப்பீர்கள். வேண்டாம். அன்றைக்குத் தைப்பூசம், பௌர்ணமி வேறு. மேலூர், ஒற்றியூர், வடதிருமுல்லைவாயில் என்று மூன்று அம்மனையும் ஒரே நாளில் பார்க்கிற கூட்டம் மொத்தமும் உங்கள் ஏரியாவில்தான் இருக்கும். உங்கள் சாம்பார் வண்டி தேரடி தாண்டாது. 8ஆம் தேதிக்குப் போங்கள்.

எங்கள் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் தெருவில்தான் வைத்தோம், அதனால் சொல்கிறேன். போலீஸ் ஸ்டேஷனில் தேதி, நேரம், எத்தனை அடி பந்தல், மைக் உண்டா இல்லையா என்று எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். மாநகராட்சி மண்டல அலுவலகத்திலும் அப்படியே. உங்கள் கல்யாணத்தின்போது திருவொற்றியூர் தனி நகராட்சி, 2011இல் சென்னையோடு சேர்த்த பிறகு உங்களுக்கு முதல் மண்டலம். கடைசி நேரத்தில் போகாமல் முன்கூட்டியே போங்கள். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்ட ஒரு தாளும் சேர்த்துக் கொடுத்தோம், கேட்பதற்கு முன்பே கொடுத்தால் வேலை சுலபமாகிறது.

பந்தக்காலுக்கு ரோட்டில் குழி தோண்டாதீர்கள், அபராதம் போடுவார்கள். இப்போது பந்தல்காரர்கள் இரும்புக் குழாயை அடித்தட்டில் நிறுத்தியோ, மணல் நிரப்பிய டிரம்மில் நட்டோ போட்டுத் தருகிறார்கள். ஒலிபெருக்கி ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை கூடாது. நீங்கள் மதியச் சாப்பாடுதானே, பிரச்சினை இல்லை.

இனி சொல்வதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். 2001இல் அந்தத் தெருவில் எத்தனை பைக் இருந்திருக்கும்? இப்போது வீட்டுக்கு இரண்டு, அதோடு கார். தெருவை முழுசாக அடைத்தால் ஒரு ஆம்புலன்ஸ் வந்தாலும் நுழையாது. மாமனார் கொள்கையை நான் மதிக்கிறேன், ஆனால் பாதித் தெருவை வண்டி போக விட்டுப் பந்தல் போடுங்கள். அல்லது அந்த மூன்றாவது வீட்டு மொட்டை மாடி இன்னும் இருக்கிறதா?

---

மின்ட் ஸ்டூடியோ:

ஆல்பம் பற்றி மட்டும் சொல்கிறேன், அதுதான் என் தொழில்.

காய்ந்து ஒட்டிய படத்தைக் கையால் பிரிக்காதீர்கள். கத்தி, ஹேர் டிரையர் எதுவும் வேண்டாம், மேல் பூச்சு உரிந்துகொண்டு வந்துவிடும். 2001இல் லேபில் போட்ட பிரிண்ட் என்றால் அது போட்டோ பேப்பர், தண்ணீர் தாங்கும், கழுவி எடுத்ததுதானே. முதலில் ஒட்டியபடியே பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், அவ்வளவு முக்கியமில்லாத ஒரு பக்கத்தை வெட்டியெடுத்துச் சுத்தமான, சூடில்லாத தண்ணீரில் ஊறவையுங்கள். தானாக நழுவினால் நல்லது. நழுவாவிட்டால் இழுக்காதீர்கள், இன்னும் ஊறட்டும். பிரிந்த படத்தை முகம் மேலே இருக்கும்படி நிழலில் காயப்போடுங்கள், வெயில் கூடாது. இரண்டு வருஷம் ஆகிவிட்டதால் எல்லாம் பிழைக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். இன்க்ஜெட்டில் போட்ட படம் ஏதாவது இருந்தால் தண்ணீரில் போடவே போடாதீர்கள், மை கரைந்துவிடும்.

ஆனால் இதையெல்லாம்விட முக்கியமான கேள்வி: நெகட்டிவ் எங்கே? அந்தக் காலத்தில் ஆல்பத்தோடு நெகட்டிவையும் ஒரு கவரில் போட்டுக் கொடுப்போம். பெரும்பாலும் அதை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை, ஆல்பத்தோடு வைப்பதும் இல்லை. ரேஷன் கார்டு, எல்ஐசி பத்திரம் இருக்கும் இடத்தில் தேடுங்கள். கிடைத்தால் ஸ்கேன் செய்து புது ஆல்பமே போட்டுவிடலாம். உங்களிடம் இல்லையென்றால் படம் எடுத்தவரிடம் கேளுங்கள். எங்கள் கடையில் 90களின் நெகட்டிவ் இன்னும் மூட்டையாகக் கிடக்கிறது, கேட்க ஆள் இல்லை.

மொய் நோட்டையும் உடனே ஸ்கேன் செய்துவிடுங்கள். ஓலைப் பெட்டியில் பூச்சி வரும்.

---

ராயபுரத்து அத்தை:

என்னம்மா இது, மொய்க்கு வந்திருக்கிறாள் என்று நினைப்பார்களா என்று ஒரு கேள்வி! நினைப்பார்கள். நிச்சயம் நினைப்பார்கள். நானாக இருந்தாலும் நினைப்பேன். கால் நூற்றாண்டு எட்டிப் பார்க்காதவள் பத்திரிகையோடு வாசலில் நின்றால் வேறென்ன தோன்றும்?

அதனால் பத்திரிகையை எடுத்துக்கொண்டு போகாதே. “அன்பளிப்பு தவிர்க்கவும்” என்று அச்சடிக்கிற வேலையும் வேண்டாம். நம் ஜனங்களுக்கு அதைப் படித்தால் கை இன்னும் அதிகமாகப் பைக்குள் போகும், எழுதியிருக்கிறார்களே, வெறுங்கையோடு போனால் நன்றாக இருக்காது என்று. நான் சொல்வதைக் கேள். இப்போதே, விசேஷப் பேச்சே எடுக்காமல், ஒவ்வொரு வீடாகப் போ. வெற்றிலை பாக்கு, பூ, பழம், ஒரு பாத்திரம். “எங்க கல்யாணத்துக்கு நீங்க செஞ்சீங்க, உங்க வீட்டு விசேஷத்துக்கு என்னால வர முடியல, இது உங்க செய்முறை” என்று சொல்லிக் கொடுத்துவிடு. கணக்கு முதலில் நேராகட்டும். அப்புறம் பத்து நாள் கழித்துப் போனில் கூப்பிட்டு, சாப்பிட வாங்க என்று சொல். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். கடன் கேட்க வந்தவளையும் கடன் அடைத்தவளையும் ஒரே கண்ணால் யாராவது பார்ப்பார்களா?

இன்னொன்று. 51 எழுதியவருக்கு 51 என்று கொண்டுபோய் நீட்டிவிடாதே. அடிதான் விழும். அன்றைய 51 ரூபாயில் என்ன வாங்கலாம், இன்றைக்கு என்ன வாங்கலாம் என்று பார். வாங்கியதற்கு மேல் கொஞ்சம் போட்டுச் செய்வதுதான் நம் வழக்கம். இட்லிக் கடை ஆயா இல்லையென்றால் அவர் மகள் இருப்பாள், பேத்தி இருப்பாள். செய்முறை வீட்டுக்குத்தான், ஆளுக்கு இல்லை.

உன் மகள் சொல்கிற ரிசார்ட்டுக்கு நான் எதிரி இல்லை. அவளுக்கும் அம்மா அப்பாவுக்குச் செய்ய வேண்டும் என்று ஆசை இருக்கும். கேக்கைத் தெருப் பந்தலிலேயே வெட்டச் சொல். தெருப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு துண்டு கிடைக்கும்.

---

பழவேற்காட்டுப் பையன்:

அக்காவும் அண்ணனும் தாராளமாக வாங்க. நீங்கள் சொல்கிற காலத்துக்கும் இப்போதைக்கும் சில வித்தியாசம். படகு சவாரியை மனசில் வைத்துக்கொண்டு வராதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று சுற்றுலா வந்தவர்கள் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு சுற்றுலாப் படகு சவாரிக்குத் தடை போட்டார்கள். கரையில் யாராவது தனியாக வந்து, நான் கூட்டிப்போகிறேன் என்று சொன்னாலும் ஏறாதீர்கள். இடுப்பளவு ஆழம் என்று எழுதியிருக்கிறீர்கள், அது உள் ஏரியில். கடலும் ஏரியும் சேரும் முகத்துவாரம் வேறு மாதிரி, இழுப்பு தெரியாது.

பூநாரையைக் கரையிலிருந்தே பார்க்கலாம். பிப்ரவரி நல்ல மாதம், காலையில் சீக்கிரம் வாங்க, அண்ணனிடம் ஒரு பைனாகுலர் கொடுத்துவிடுங்கள். லைட் ஹவுஸ் குப்பம் பக்கம் போக இப்போது பாலம் இருக்கிறது. கல்லறை தொல்லியல் துறை பராமரிப்பில் இருக்கிறது, அந்த எலும்புக்கூடுகள் அப்படியே காவல் நிற்கின்றன, கவலை வேண்டாம். ஆனால் கோட்டையைத் தேடாதீர்கள், மேடும் புதரும் அகழியும்தான் மிச்சம்.

தங்குவதற்குப் பெரிய லாட்ஜ் எதிர்பார்க்காதீர்கள். அந்த அக்கா வீடு இன்னும் இருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. ஏரியில் மீன் முன்போல இல்லை, இறாலும் குறைவுதான். பெரியவர்கள் உங்கள் 2001 பற்றிக் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள். ஆனாலும் மடவைக் குழம்புக்கு நான் பொறுப்பு.

---

பதிவேடு:

ஒரு சின்னக் கேள்வி. கல்யாணத்தைப் பதிவு செய்தீர்களா? சுயமரியாதைத் திருமணம் செல்லும், அதில் சந்தேகமே இல்லை. அண்ணா முதல்வராக இருந்தபோது 1967இல் கொண்டுவந்த திருத்தத்தால் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு சேர்ந்தது. உற்றார் நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலோ, மோதிரம் போட்டாலோ, தாலி கட்டினாலோ போதும். ஆனால் நாளைக்குப் பாஸ்போர்ட், விசா, பென்ஷன் என்று வரும்போது சான்றிதழ் கேட்பார்கள். பதிவைக் கட்டாயமாக்கிய மாநிலச் சட்டம் 2009இல்தான் வந்தது, அதற்கு முன் நடந்த கல்யாணங்கள் பல இப்படி விட்டுப்போயிருக்கின்றன. கையோடு சார்பதிவாளர் அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். அழைப்பிதழ் ஒன்றாவது பத்திரமாக இருக்கிறதா?

---

ஒற்றியூர் மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

தம்பி, 8ஆம் தேதி முடிவாகிவிட்டது. மூன்றாவது வீடு இடித்து பிளாட் கட்டிவிட்டார்கள், மொட்டை மாடிக்கு அசோசியேஷன் செகரட்டரி பூட்டு போட்டு வைத்திருக்கிறார். அதனால் தெருவில்தான், ஆனால் நீங்கள் சொன்ன மாதிரி ஒரு பக்கம் வண்டி போக வழி விட்டு. இவர் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அங்கே இருந்தவர், “25 வருஷம் ஆச்சா, அதுக்கப்புறமும் பந்தல் போடறீங்களா சார்” என்று கேட்டாராம். நான் சிரிக்கவில்லை.

ஸ்டூடியோக்காரரே, நெகட்டிவ் கிடைத்தது! நீங்கள் சொன்ன மாதிரியே எல்ஐசி பத்திரத்தோடு, மாமனாரின் சங்க ரசீதுகளுக்கு நடுவில். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் எல்லோரும் கறுப்புப் பல்லோடு சிரிக்கிறார்கள். ஒன்றில் பேண்டுக்காரர் பக்கத்தில் என் அம்மா நிற்கிறார். எந்த நேரத்தில் எடுத்தது என்று ஸ்கேன் செய்தால்தான் தெரியும். அது மட்டும் மாமனார் போன பிறகு வெளியே வந்தது நல்லதாகப் போயிற்று.

அத்தை, உங்கள் பேச்சைக் கேட்டேன். இதுவரை ஆறு வீடு போயிருக்கிறேன். பெரும்பாக்கத்தில் எதிர் வீட்டு அக்காவைப் பார்த்தேன், ஏழாவது மாடியில் இருக்கிறார். சில்வர் குடத்துக்குப் பதிலாக ஒரு குக்கர் கொண்டுபோனேன். வாங்கி வைத்துக்கொண்டு, “தண்ணி ஊத்துனதுக்கு என்ன தரப்போற” என்று கேட்டார். எனக்கு அந்த இடத்தில் பேச்சு வரவில்லை. லிஃப்ட் சில நாள் ஓடாதாம், அதனால் 8ஆம் தேதி காலையில் கேரம் கிளப் பையன்களில் ஒருவர் (பையன் என்ன, ஐம்பதைத் தொட்டுவிட்டார், சொந்த ஆட்டோ) போய் அவரைக் கூட்டிவருவதாகச் சொல்லியிருக்கிறார். மற்றவர்களுக்கு மெட்ரோ இருக்கிறது, காலடிப்பேட்டையிலேயே இறங்கிவிடலாம். தண்ணீர் லாரி டிரைவரை மட்டும் யாருக்கும் தெரியவில்லை. நோட்டில் பெயர்கூட இல்லை, “லாரி” என்றுதான் வாத்தியார் எழுதியிருக்கிறார். 2001இல் காலடிப்பேட்டை, தேரடி பக்கம் லாரி ஓட்டியவர் யாரையாவது இங்கே யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், அவருக்கும் ஒரு செய்முறை பாக்கி இருக்கிறது.

பதிவேடு, அழைப்பிதழ் ஒன்று இருக்கிறது. விசாரிக்கிறேன். இவரிடம், நமக்கு இன்னும் சர்க்கார் கணக்கில் கல்யாணமே ஆகலை என்று சொன்னேன். அப்படியானால் இன்னொரு தேனிலவு பாக்கி என்றார். 9ஆம் தேதி காலை கும்மிடிப்பூண்டி வண்டியில் பழவேற்காடு கிளம்புகிறோம். அந்த அக்காவின் மகன் அதே வீட்டில்தான் இருக்கிறாராம். பழவேற்காட்டுத் தம்பி, மடவைக்கு நீங்கள் பொறுப்பு என்று எழுதியதை இவரிடம் காட்டிவிட்டேன், இனி தப்பிக்க முடியாது.

கேக் தெருவில்தான். மகள் சம்மதித்துவிட்டாள், ட்ரோனை மட்டும் விட மாட்டேன் என்கிறாள். அம்மாவுக்கு எண்பது நெருங்குகிறது, அவர் கவலை வேறு. 8ஆம் தேதியும் ஞாயிறுதானே, பன்னிரண்டுக்குள் இலை போட்டுவிடுவீர்களா என்று தினமும் கேட்கிறார். சமையல்காரர் பன்னிரண்டரை என்கிறார். வடசென்னையில் பதினொன்றரைக்கே பந்தி போடக்கூடிய, நூறு பேருக்குச் சைவம் சமைக்கிற ஆள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.